வால் நட்சத்திரம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
10 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

தீபாவளி நெருங்கிவிட்டது. முறுக்குப் பிழிவது, வீடு கழுவுவது என்று உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். ஆனாலும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். வால் நட்சத்திரம் ஒன்று பூமியில் மோதப் போகிறது என்று ஒரு காணொளி புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று அவள் அம்மா வந்து சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்தக் காணொளி சொல்லும் வால் நட்சத்திரம் உண்மையில் இருக்கிறது. கடந்த ஜூலை முதல் தேதி, சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கி ஒன்று அதைக் கண்டுபிடித்தது. 3ஐ/அட்லஸ் என்று பெயர். டிசம்பரில் அது நமக்கு மிக அருகில் வரும்போதுகூட ஏறக்குறைய 27 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். சூரியனே நமக்கு 15 கோடி கிலோமீட்டர் தூரம்தான். ஆகவே மோதும் பேச்சுக்கே இடமில்லை. நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக இதுவரை கண்டறியப்பட்டவற்றில் இது மூன்றாவது. சூரியனைச் சுற்றி வளைந்து வெளியே போய்விடும், திரும்பி வராது. இப்படி ஒரு விருந்தாளி வந்த காலத்தில் நம் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

பெயரில் நட்சத்திரம் இருந்தாலும், அது பனிக்கட்டியும் தூசும் கல்லும் சேர்ந்த ஒரு கட்டி. பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அகலம்தான். புகழ்பெற்ற ஹேலி வால் நட்சத்திரத்தின் நீளம் சுமார் 15 கிலோமீட்டர், அதாவது நம் பட்டணத்திலிருந்து ஈப்போவுக்குப் பாதி வழி. 1986-இல் ஜியோட்டோ விண்கலம் அதன் அருகே போய்ப் படம் எடுத்தபோது, மேற்பரப்பு கன்னங்கரேலென்று இருந்தது. சூரியனை நெருங்கும்போது பனி உருகித் தண்ணீராவதில்லை, நேராக ஆவியாகிறது. அது தூசையும் இழுத்துக்கொண்டு வெளியேறுவதால்தான் வால் உண்டாகிறது.

அந்த வாலை எங்கள் அறிவியல் ஆசிரியை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் காட்டினார். பந்து ஒன்றில் ரிப்பன்களைக் கட்டி, நடுவில் வைத்த மின்விசிறியைச் சூரியனாக்கி, ஒரு மாணவனைச் சுற்றிவரச் சொன்னார். அவன் மின்விசிறியை நோக்கி வந்தபோது ரிப்பன்கள் அவனுக்குப் பின்னால் பறந்தன. விலகிப் போனபோது முன்னால் பறந்தன. “டீச்சர், வால் முன்னாடி போகுது!” என்று ஒரு பையன் கத்தினான். விண்வெளியிலும் அப்படித்தான். சூரியனிலிருந்து வீசும் துகள்கள் வாயுவைத் தள்ளுகின்றன, ஒளி தூசைத் தள்ளுகிறது. அதனால் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீளும். திரும்பிப் போகும் வால் நட்சத்திரம் வாலை முன்னே விட்டுக்கொண்டுதான் போகும்.

ஹேலியின் பாதை நீண்ட முட்டை வடிவம். அது சூரியனுக்கு அருகே வரும்போது நொடிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். நெப்டியூன் கோளுக்கும் அப்பால் உள்ள கடைக்கோடியில் நொடிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. இஞ்சின் எதுவும் கிடையாது, எல்லாம் சூரியனின் ஈர்ப்புதான். 2023 டிசம்பரில் அந்தக் கடைக்கோடியைத் தொட்டுவிட்டு இப்போது நம்மை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2061-இல் வந்து சேரும்போது, இன்றைய முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 43 வயது ஆகியிருக்கும்.

வால் நட்சத்திரம் வந்தால் ராஜாவுக்கு ஆகாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். 1910-இல் ஹேலி வந்த சமயம் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்ட் காலமானார், பேச்சு இன்னும் பரவியது. அதே மே மாதம் பூமி அந்த வாலுக்குள் புகுந்து போகும், விஷவாயு வரும் என்று பல நாடுகளில் பீதி. சிலர் அதற்கென்று மாத்திரைகூட விற்றுக் காசு பார்த்தார்கள். பூமிக்கு ஒன்றுமே ஆகவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேச நான் சொல்லவில்லை. பிள்ளைகள் முன்னால் மட்டும் அந்தப் பயத்தை எடுக்க வேண்டாம். புலனத்தில் வந்த காணொளியையும் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். ஹேலி போன வழியில் விட்டுப்போன தூசுக்குள் பூமி ஒவ்வோர் அக்டோபரிலும் நுழைகிறது. அந்தத் துகள்கள் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிவதைத்தான் எரிநட்சத்திரம் என்கிறோம். இம்முறை 21, 22ஆம் தேதிகளில் அது உச்சத்தில் இருக்கும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் நிலா வெளிச்சமும் இராது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பெரட்டுக்கு (விடியற்காலைப் பெயர்ப் பதிவுக்கு) கிளம்பும் நேரம், அதாவது காலை நாலரை மணி வாக்கில், பிள்ளையை எழுப்பி வாசலில் பாய் விரித்துப் படுக்க வையுங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் ஏறக்குறைய உச்சியில் தெரியும், அந்தப் பக்கத்து வானத்தைப் பார்த்தால் போதும். தொலைநோக்கி வேண்டாம். வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள், கொசு மருந்து தடவ மறக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது பிடிக்கும், அதுவரை கைப்பேசியைத் தொட வேண்டாம். இந்த மாதம் மழை மேகம் இருக்கும். முதல் நாள் தெரியாவிட்டால் மறுநாள் பாருங்கள்.

எத்தனை பார்த்தார்கள் என்று பிள்ளைகள் நோட்டில் எழுதி, விடுமுறை முடிந்து வரும்போது வகுப்பாசிரியரிடம் கொடுக்கட்டும். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அதையே எழுதட்டும்.

அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்