காணாமற்போன மீன்களும் பழி சுமந்த பூனையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு குடும்பப் பகுதியில், மீன் தொட்டியிலிருந்து சிறு மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போவது ஏன் என்று கேட்டிருந்த வாசகிக்கு, ‘மீனுக்குக் கால் முளைக்காது, வீட்டிலுள்ள பூனையையும் பிள்ளைகளையும் கவனியுங்கள்’ என்று ஒரே வரியில் பதில் அளித்திருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் இதே துயரம் நடந்துகொண்டிருந்த வேளை அது. என் மருமகள் அந்த வரியை வாய்விட்டுப் படித்ததும், பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கருவாட்டுத் தலை வைத்துவந்த என் மனைவியின் பக்கம் எல்லாருடைய பார்வையும் திரும்பியது. கண்ணாடி மூடி போட்ட தொட்டிக்குள் பூனை எப்படிப் புகுந்தது என்று கேட்பாரில்லை, பத்திரிகையிலேயே வந்துவிட்டதல்லவா!

தன் வாய்க்குள் அடங்கும் எதையும் மீன் இரையாகவே கொள்ளும் என்பது தாங்கள் அறியாததல்ல. விராலோடு கப்பி மீனைப் போட்டுவைத்தால் காலையில் விரால் மட்டுமே இருக்கும் என்பது, கால்வாயில் மீன் பிடித்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தொட்டியில் இருந்தவை நியான் டெட்ராக்களும் ஒரு ஏஞ்சல் மீனும். ‘இரண்டும் அமேசான் மீன்தான் ஐயா, அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்’ என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். அவர் சொன்ன ஊர் சரி, உறவுதான் தவறு. ஐம்பது காசு நாணயத்தின் அளவில் வாங்கிய ஏஞ்சல் 15 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. டெட்ராவோ 3, 4 சென்டிமீட்டரைத் தாண்டாத ஒல்லி மீன். விளக்கை அணைத்தபின் அதன் நீல வரி மங்கி, ஒரு மூலையில் அசைவின்றிக் கிடக்கும். தோட்டத்தில் அதிகாலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு என்பதால் விடியுமுன் விழித்துக்கொண்ட நான் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஏஞ்சலின் வாயோரத்தில் சிவந்த வாற்பகுதி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு விழுங்கலில் அதுவும் உள்ளே போயிற்று.

இது ஒன்றுதான் காரணம் என்று நான் வாதிடவில்லை. வடிகட்டிக் குழாய்க்காக விட்ட இடுக்கின் வழியே துள்ளி விழுந்து, அலமாரிக்குப் பின்னால் காய்ந்து எறும்புக்கு இரையாகும் மீன்கள் உண்டு. இரவில் தானாகச் செத்த மீனை நத்தையும் இறாலும் உடனிருக்கும் மீன்களும் தின்று, காலையில் முள்கூடத் தென்படாமல் செய்துவிடும். நம் நாட்டு வெப்பத்தில் உடல் அழுகுவதற்கும் அதிக நேரம் ஆகாது. இவற்றைச் சொல்ல அரைப் பத்தி போதும். ஆனால் கெலிசா எனப்படும் அரோவானா மீன் செத்தால் அது வீட்டுத் தோஷத்தைத் தன்னோடு கொண்டுபோய்விட்டதாக அர்த்தம் என்று எழுதுவதற்கு முன்பொருமுறை அரைப் பக்கம் ஒதுக்கினீர்கள். அதற்குத் திலாப்பியாவின் படத்தைப் போட்டுக் கெலிசா என்று பெயரும் சூட்டினீர்கள். அதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதத்தில் பாராட்டு வரிகளை மட்டும் வெளியிட்டு, படத்தைப் பற்றிய பகுதியை நீக்கிவிட்ட தங்கள் கத்தரிக்கோலின் கூர்மையை இன்றும் வியக்கிறேன்.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. பள்ளி விடுமுறை வந்தால் இங்கே பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் பையில் மீன் வாங்காத பிள்ளை இல்லை. அதற்கு முன்பாக, ஏஞ்சலோடு டெட்ரா போன்ற சிறு மீன்களைச் சேர்த்து வளர்க்கலாகாது என்றும், பூனையைக் குறித்த வரி அவசரத்தில் எழுதப்பட்டது என்றும் அதே பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிட்டால் நன்றியுடையவனாவேன். எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கட்டும். என் மனைவி கண்ணாடி இல்லாமல் படிக்க விரும்புகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.