விரல் நுனியில் ஊசி குத்தச் சொல்லும் செய்தி: குடும்ப வாட்ஸ்அப் குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின்களே,

பக்கவாதம் வந்தால் 10 விரல் நுனிகளிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் செய்தி பல வருடங்களாக உங்கள் குழுக்களில் சுற்றுகிறது. அதில் ஊசியைவிட ஆபத்தானது, தெளியும்வரை ஆளை அசைக்கக் கூடாது, வண்டியில் ஏற்றினால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் என்ற வரி. ஆளை வீட்டிலேயே கிடத்திவைப்பது அதுதான்.

பெரும்பாலான பக்கவாதம், மூளைக்குப் போகும் குழாயை ரத்தக்கட்டி அடைப்பதால் வருகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. கசிவென்றால் அதே மருந்து உயிருக்கே ஆபத்து. ஆக பயணம், சி.டி. ஸ்கேன், பரிசோதனை எல்லாம் அந்த நாலரை மணிக்குள்தான். விரலில் வரும் சொட்டு ரத்தத்துக்கும் மூளையில் இருக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

"எங்க பெரியப்பாவுக்குக் குத்தினோம், பேச்சு வந்துடுச்சே" என்று ஒருவர் எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. சில அடைப்புகள் தற்காலிகமானவை. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தானாக விலகிவிடும். குத்தாவிட்டாலும் பேச்சு வந்திருக்கும். ஆனால் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அதற்கடுத்த சில நாட்களில்தான் மிக அதிகம், அதிலும் முதல் 48 மணி நேரத்தில். தடுக்க மருந்து உண்டு. ஊசியே காப்பாற்றிவிட்டது என்று நம்பும் குடும்பம் அந்த நாட்களை வீட்டிலேயே கழிக்கிறது.

அந்தச் செய்தி வந்தால், யார் போட்டிருந்தாலும் அட்மினாகிய உங்களால் எல்லோருக்கும் நீக்க முடியும். அக்கறையில் அனுப்பியவரைக் குழுவில் கடிந்துகொள்ளாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பிறகு கீழே உள்ளதைக் குழு விவரத்தில் ஒட்டுங்கள். செய்தியாகப் போட்டு மேலே 'பின்' (pin) செய்தால் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும்.

"திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால், மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. தானாகச் சரியானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளவும். தூங்கி எழும்போது தெரிந்தால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லவும். தண்ணீர், காபி வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போகும். ஆஸ்பிரின், பி.பி. மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சாப்பிட்டுவரும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப்போகவும். தெருமுனை கிளினிக்கில் நிற்காமல், சி.டி. ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகவும்."

இப்படிக்கு,
பக்கவாத சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவர்கள்