லண்டன் தடையும் குடியாத்தத்துப் பிள்ளையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவ வளர்ச்சியைத் தள்ளிப்போடும் மருந்தைப் பாலின அடையாளச் சிக்கலுக்காக 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புதிதாகக் கொடுக்க 2024 டிசம்பரில் பிரிட்டன் காலவரையின்றித் தடை போட்டது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். "பாத்தீங்களா, எல்லாம் வயசுக் கோளாறு" என்று எங்கள் தெருவிலும் பேச்சு கிளம்பிவிட்டது. அதற்கு முன், இந்தச் சிகிச்சையை ஆராய்ந்து பிரிட்டன் குழந்தை மருத்துவர் டாக்டர் ஹிலாரி காஸ் கொடுத்த அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. சான்று போதவில்லை, மருந்தில் நிதானம் வேண்டும் என்றது; பிள்ளைக்கு மனநல ஆதரவு கொடுக்கவும் சொன்னது.

எங்கள் பாடு வேறு. பையனாகப் பிறந்து தன்னைப் பெண்ணாக உணர்ந்த என் அக்கா பிள்ளை பத்தாவது படிக்கும்போது, முடி வளர்த்ததற்காகப் பள்ளியில் ஒரு பக்கம் மட்டும் வெட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பின்கட்டில் உட்கார்ந்து மீதியைத் தானே கத்தரித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிகூடப் பார்க்கவில்லை. வீட்டில் வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த மறுநாள் காலை பிள்ளையைக் காணோம். அப்போது 16 வயது. வெளியூரில், மருத்துவம் படிக்காத ஒருவர் கையால் பெண்ணாக மாறும் அறுவை. சீழ் வைத்து, காய்ச்சலில் பிதற்றியபோதுதான் எங்களுக்குப் போன் வந்தது.

அறுவைக்கு 18 வயது ஆகட்டும் என்பதை நானும் ஏற்கிறேன். உடம்பு ஒன்றுதான், அவசரம் கூடாது. ஆனால் அந்த வயது வரை பிள்ளை எங்கே இருப்பது? 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குள் திருநர் சான்றிதழுக்குப் பெற்றோரோ பாதுகாவலரோதான் விண்ணப்பிக்க வேண்டும். அவர்களே கதவைச் சாத்தினால்?

இப்படிப்பட்ட பிள்ளைகளின் உணர்வை "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைக்கு எதிராக 2021ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையை மருத்துவர்களின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது தெரியாது. அன்றே இப்படி ஓர் உத்தரவு இருந்து, அக்காவுக்கும் தெரிந்திருந்தால் தாயத்துக்கு அலைந்திருக்க மாட்டாள்.

இப்போது அக்காவும் மகளும் தினமும் போனில் பேசுகிறார்கள். "உன்ன என்ன பேரு சொல்லிக் கூப்பிடட்டும்?" என்று அக்கா முதல்முறை கேட்டபோது மகளுக்கு 23 வயது ஆகியிருந்தது.

லண்டனைப் பற்றி எழுதியதுபோல, வேலூர் மாவட்டப் பள்ளிகளில் இப்படி ஒரு பிள்ளை யாரிடம் போய் வாய் திறக்க முடியும் என்று விசாரித்தும் ஒரு கட்டுரை போடுங்கள், ஐயா.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, குடியாத்தம்
(அக்கா குடும்பத்துக்காகப் பெயர் வேண்டாம்)