ஷட்டர் நிஜமாகவே கெட்டிருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கேமரா ஷட்டரை, அதாவது திறந்து மூடி ஃபிலிமில் வெளிச்சத்தை விடும் பகுதியை, வீட்டிலேயே சரிசெய்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் ஆர்வமாக எழுதியிருக்கிறார், சரி. ஆனால் இரண்டாவது பத்திக்குள்ளேயே வாசகர் கையில் ஸ்குரூடிரைவரைக் கொடுத்துவிட்டார், அந்த ஷட்டர் உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

நான் செங்கோட்டையில் வெகுகாலம் ஸ்டுடியோ நடத்தியவன். கடையை மூடிய பிறகும் ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவது நிற்கவில்லை. தென்காசி, கடையநல்லூரிலிருந்து வருவார்கள், கணவாயைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்தும் வருவார்கள். நிறையப் பேர் கையில் இருப்பது அப்பாவோ மாமாவோ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த யாஷிகா. 2010-இல் எங்கள் மலைப்பாதை மீட்டர்கேஜ் ரயில் நிற்பதற்கு முன்னால் பதின்மூன்று கண் பாலத்தில் ரயிலைப் படமெடுத்த கேமரா இது என்று சொல்லி நீட்டுவார்கள். "சேட்டா, ஷட்டர் போயி" என்பார்கள். பல நேரம் போனது ஷட்டரே இல்லை.

யாஷிகா எலக்ட்ரோ 35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 1966-இல் வந்த மாடல், அப்புறம் அதிலேயே பல வகை வந்தன. அதன் ஷட்டர் நேரத்தை நிர்ணயிப்பது மின்சாரம். பேட்டரி இல்லாவிட்டால் எதை வைத்தாலும் 1/500 நொடியில்தான் அடிக்கும். அந்தக் கேமராவுக்கான 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கடையில் கிடைக்காது, அதனால் வெறும் கேமராவை அடித்துப் பார்த்து, படமெல்லாம் இருட்டாக வருகிறது, ஷட்டர் அவ்வளவுதான் என்று முடிவு கட்டுகிறார்கள். 6 வோல்ட் பேட்டரியை ஒரு அடாப்டரில் போட்டால் முக்கால்வாசி கேமரா எழுந்துவிடும். எழாவிட்டால் ரோல் சுற்றும் லீவரை இழுக்கும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் துண்டு பொடிந்துவிட்டது என்று அர்த்தம். அது நிஜமான பழுது, மேல்மூடியைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும்.

ஃபோக்ட்லாண்டர் வீட்டோ பி என்ற கேமரா வேறு கதை. ஃபிலிம் ஓடினால்தான் பல்சக்கரம் சுற்றும், பல்சக்கரம் சுற்றினால்தான் ஷட்டர் இழுபடும். ரோல் போடாமல் அமுக்கினால் ஒன்றும் நடக்காது. கேமரா நன்றாகத்தான் இருக்கும். பின்கதவைத் திறந்து அந்தப் பல்சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு அமுக்கிப் பாருங்கள், அடிக்கும். இது தெரியாமல் எத்தனை பேர் முன் லென்ஸைக் கழற்றியிருப்பார்களோ.

ஆக, முதலில் சோதனை. அதற்கு ஒரு காசு செலவில்லை. ரோல் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, வெளுத்த வானத்தைப் பார்த்து வைத்து, ஷட்டர் திறந்து மூடுவதைச் செல்போனில் ஸ்லோ மோஷனில் பிடியுங்கள். நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போன் என்றால், 1 நொடி வேகத்தில் 240 ஃபிரேமுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும், 1/4-இல் 60, 1/30-இல் 8. அதற்கு மேல் இந்த முறை உதவாது, 1/125-இல் இரண்டே ஃபிரேம்தான் வரும், அதை எண்ணி என்ன செய்வது. ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் பதினைந்து முறை அடித்துவிட்டு அப்புறம் அளந்து பாருங்கள், ஏனென்றால் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்த ஷட்டர் முதல் சில அடிக்குச் சோம்பலாகத்தான் இருக்கும்.

இனி முடிவெடுக்கலாம். 1 நொடி ஒன்றரை நொடியாக ஓடுகிறது, 1/8-உம் இழுக்கிறது, ஆனால் 1/60-க்கு மேல் நன்றாக இருக்கிறது என்றால், என்னைக் கேட்டால் தொடவே வேண்டாம். குறைந்த வேகங்களுக்கென்று உள்ளே தனியாக ஒரு பல்சக்கரக் கூட்டம் உண்டு, அதிலிருக்கும் எண்ணெய் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வெயிலில் வீட்டுக்காரர்களைப் படமெடுக்கப் போகிறவருக்கு 1 நொடி எதற்கு? தேவைப்பட்டால் ஸ்டாண்டில் நிறுத்தி 'பி'-யில், அதாவது அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலையில், வைத்து எண்ணிக்கொள்ளலாம். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் நெகடிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, அதிக வெளிச்சத்தைத் தாங்கிவிடும். ஸ்லைடு ஃபிலிம் தாங்காது, ஆனால் ஸ்லைடு எடுப்பவர் என்னிடம் கேட்டு வரமாட்டார்.

ஷட்டரின் மெல்லிய தகடுகளே ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றால்தான் யோசிக்க வேண்டும். நான் சொல்வது லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டரை: காம்பூர், புரொன்டோர், கோப்பல் வகை. அந்தத் தகடுகள் முழுக்க உலர்ந்து இருக்க வேண்டியவை. உங்கள் கட்டுரையில் 'ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்' என்று வந்ததைப் படித்ததும் தலையில் கைவைத்துவிட்டேன். தகடு ஒட்டுவதற்குக் காரணமே எண்ணெய்தான். ஃபோகஸ் திருகும் இடத்தில் போட்ட கிரீஸ் வெயில் காலத்தில் இளகித் தகடுகளுக்கு இறங்கிவிடும். வெயிலில் வைத்தால் ஷட்டர் திறக்கிறது, குளிர்ந்ததும் ஒட்டுகிறது என்று சிலர் சொல்வார்கள். திறப்பது எண்ணெய் இளகியதால், அப்படி வைக்க வைக்க இன்னும் கொஞ்சம் இறங்கும். எங்கள் பக்கம் ஜூனில் ஆரம்பித்தால் சாரல் விடாது, அந்த ஈரம் தோல் உறைக்குள் புகுந்து லென்ஸில் பூஞ்சையும் ஸ்பிரிங்கில் துருவும் சேர்த்துத் தரும். குற்றாலத்துக்கு சீசனுக்கு வருகிறவர்கள் அருவியைப் படமெடுத்துவிட்டு கேமராவைத் தோல் உறையிலேயே போட்டு ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், அது வேறு.

தகடு ஒட்டினால் நீங்களே செய்யக்கூடியது ஓரளவு இருக்கிறது. முன் லென்ஸைக் கழற்றி, லைட்டரில் ஊற்றும் திரவத்தில் பஞ்சுக் குச்சியைத் தொட்டுத் தகட்டைத் துடைத்து, அடித்து, மறுபடி துடைக்கலாம். பங்க் பெட்ரோல் வேண்டாம், ஆவியானதும் பிசுபிசுப்பை விட்டுவிட்டுப் போகும். ஊற்றி நனைக்கவும் கூடாது, மற்ற இடத்து எண்ணெயையும் கரைத்துக் கொண்டுவந்து தகட்டில் சேர்த்துவிடும், நாலு நாள் ஓடி மறுபடி ஒட்டும். அடுப்பங்கரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள், அது சட்டென்று பற்றிக்கொள்ளும். லென்ஸ் பக்கத்தில் 'வி' என்று குறித்த செல்ஃப் டைமர் லீவர் இருந்தால் அதை அசைக்கவே வேண்டாம், பழைய ஷட்டர் பல அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கும்.

கட்டுரையில் விட்டுப்போன பெரிய ஆபத்து ஒன்று. மடிப்புக் கேமரா பலவற்றில் முன் லென்ஸைத் திருகித்தான் ஃபோகஸ் செய்வோம். அதைக் கழற்றும்போது மரை எந்த இடத்தில் விடுபடுகிறது என்று பென்சிலால் குறித்துவைக்காவிட்டால், திரும்பப் பூட்டும்போது வேறு மரையில் ஏறிவிடும். ஷட்டர் கடிகாரமாக ஓடும், படம் ஒன்றுகூடத் தெளிவாக இருக்காது. அப்படி ஆனால் ஃபிலிம் வரும் இடத்தில் டிரேசிங் பேப்பரை இறுக்கமாக ஒட்டி, ஷட்டரை 'பி'-யில் திறந்துவைத்து, குற்றால மலை உச்சி மாதிரி தூரத்தில் இருப்பதைப் பார்த்து முடிவிலி ஃபோகஸை மறுபடி அமைக்க வேண்டும். பொறுமை இருந்தால் செய்யலாம். ஜப்பான் கேமரா ஸ்குரூக்களின் தலை நம்மூர் ஸ்டார் ஸ்குரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது, அழுத்தித் திருப்பினால் தலை வழுக்கிவிடும், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெனித், பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றில் ஃபிலிமுக்கு முன்னால் ஓடும் துணித் திரை ஷட்டரை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். 1/1000-இல் படத்தின் ஒரு பக்கம் இருண்டால் ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. உருளைகளில் அழுக்கு இருந்தால் இறுக்கி என்ன பயன், திரைதான் சீக்கிரம் தேயும். உள்ளேயே ஃபிளாஷ் இருக்கும் கேமராவைத் திறக்கவே திறக்காதீர்கள், பேட்டரியை எடுத்த பிறகும் அதன் கபாசிட்டரில் 300 வோல்ட் வரை நிற்கலாம்.

ஆசை விடவில்லை என்றால் பழைய சாமான் கடையில் ஒரு அக்ஃபா கிளிக் 3 வாங்கிப் பழகுங்கள். ஒரே வேகம், சாதாரண ஷட்டர், கெட்டுப்போனாலும் யாரும் அழப்போவதில்லை. அப்பாவின் கேமராவில் பழக வேண்டாம். துல்லியமான வேலை என்றால் ஊரில் கைக்கடிகாரம் பார்ப்பவரைப் போய்ப் பாருங்கள், ஸ்குரூடிரைவரும் ட்வீசரும் கண்ணில் மாட்டும் லென்ஸும் அவரிடம் இருக்கும், நீங்கள் கேமராவைப் பற்றிச் சொன்னால் அவர் கை பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை ஷட்டர் பிரிக்கும் படத்தைப் போடுவதற்கு முன் இந்தச் சோதனைப் பகுதியைப் போடுங்கள். புனலூர், கொல்லம் பக்கம் இன்னும் வேலை பார்க்கும் கேமரா மெக்கானிக் யாராவது தெரிந்த வாசகர்கள் உங்களுக்கு எழுதினாலும் நல்லது, திரை மாற்ற வேண்டிய ஜெனித் ஒன்று என்னிடம் இருக்கிறது.

பழைய ஸ்டுடியோக்காரர்,
செங்கோட்டை