பந்தயக் காளை வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அழைத்தவுடன் வந்து சிறப்பிக்கும் கால்நடை மருத்துவர் ஐயா அவர்களே, தொண்டி தொடங்கி தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை கடற்கரை ஊர்களில் இருந்து வந்திருக்கும் மாட்டுக்காரர்களே, சாரதி, துணைச்சாரதித் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எந்த ஊர் மாட்டுவண்டிப் பந்தயத்தில் யார் வண்டி முதலில் வந்தது என்ற பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று மாட்டின் அளவை வைத்துப் பிரித்த எல்லாப் பிரிவும் அதில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்த 2014 மே 7 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வண்டியை ஓரமாகச் சாத்தி வைத்திருந்த காலம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். ஜல்லிக்கட்டை மீண்டும் அனுமதித்த தமிழ்நாட்டின் 2017 சட்டத்திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு சொன்னது. அந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி, மாடு துன்பப்படுகிறதா என்பதுதான். அதற்கு நாம் நம் கொட்டகையில்தான் பதில் சொல்ல முடியும். அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதியைத் தீனிக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

இந்த ஆண்டு நம்மை உலுக்கிய சம்பவம் எல்லோருக்கும் தெரியும். உரிமையாளரின் சம்மதத்தோடு சொல்கிறேன். பந்தயத்துக்கு முந்தின நாள் வீட்டார் ஆசையாய் ஆளுக்கொன்றாக ஊட்டினார்கள். ஊறவைத்து அரைத்த உளுந்து, கம்பு, பேரீச்சம்பழம், கருப்பட்டி, முட்டை என்று ராத்திரி வரை போய்க்கொண்டே இருந்தது. விடியும்போது மாடு அசை போடவில்லை. இடது விலா உப்பி, தொட்டால் உள்ளே தண்ணீர் தளும்பியது. சாணம் தண்ணியாய், சாம்பல் நிறத்தில், முழுத் தானியம் தெரிய, புளித்த வாடையோடு வந்தது. வண்டி பூட்டவில்லை. மருத்துவர் வந்து ஆப்பச்சோடா கரைசல் புகட்டி, ஊசி போட்டு, நாள் கணக்கில் பார்த்துத்தான் பிழைக்க வைத்தார். பிழைத்தாலும் அந்த மாட்டுக்குக் குளம்பில் நோவு வந்து, இன்னும் தார்ச் சாலையில் இறக்க முடியவில்லை.

இது ஏன் நடந்தது என்பதை மருத்துவர் அடுத்த கூட்டத்தில் பொறுமையாக விளக்கினார். நாம் மாட்டுக்குக் கொடுக்கும் தீனியை முதலில் தின்பது அதன் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள். அவை வைக்கோலையும் தட்டையையும் நொதிக்கவைத்துத் தரும் அமிலங்களில் இருந்துதான் மாட்டுக்குச் சக்தியே கிடைக்கிறது. மாவும் சர்க்கரையும் ஒரேயடியாகப் போய் விழுந்தால் வேறு வகைக் கிருமி பெருகி, லாக்டிக் அமிலம் சுரந்து, வயிறு புளித்துவிடும். அந்தப் புளிப்பை மாற்றும் மருந்து மாட்டின் எச்சிலிலேயே இருக்கிறது. எச்சில் ஊற வேண்டுமானால் மாடு அசை போட வேண்டும், அசை போட வேண்டுமானால் உள்ளே நார் இருக்க வேண்டும். நன்றாக இருக்கும் மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். ஒரு கவளத்தை ஐம்பது, அறுபது தடவை மெல்லும். ராத்திரி கொட்டகையில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தால் அன்றைக்குத் தானியம், புண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தை நிறுத்திவிட்டு வைக்கோலைப் போடுங்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் நம் இளைய சாரதி ஒருவர் பனிநாய்களைப் பற்றிக் கேட்டார். "அண்ணே, அலாஸ்காவுல சறுக்குவண்டி இழுக்குற நாய் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரி தின்னுதாம். பாதிக்கு மேல கொழுப்பாம். நம்ம மாட்டுக்கும் எண்ணெயும் நெய்யும் கூட்டிக் கொடுத்தா என்ன?" நல்ல கேள்வி. சிலர் சிரித்தார்கள், மருத்துவர் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் அதற்கே செலவிட்டார். எனக்கும் அதன் பிறகு அந்த நாய்களைப் பற்றித் தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

1925 குளிர்காலத்தில் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் மனிதர்களுக்குத் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) பரவியபோது, நெனானாவில் இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் மருந்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்த நாய்கள். 1973 முதல் அங்கே ஆண்டுதோறும் இடிட்டராட் என்ற நாய்ச் சறுக்குவண்டிப் பந்தயம் நடக்கிறது. தூரம் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு நாய், பந்தய நாள்களில் நான்கைந்து ஆள் சாப்பாட்டுக்குச் சமமான சக்தியை எரிக்கிறது. கொழுப்பு, இறைச்சி, சால்மன் மீன் இவைதான் அதன் தீனி. நாய் கொழுப்பை எரித்தே நாள் முழுக்க ஓடும் உடம்போடு பிறந்தது. தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை கரைந்தாலும் அதன் உடம்பு சீக்கிரமே கொழுப்புக்கு மாறிக்கொள்ளும்.

மாட்டுக்கு அந்த வழி கிடையாது. மொத்தத் தீனியின் உலர் எடையில் (ஈரம் நீக்கிய எடையில்) நூற்றுக்கு ஐந்தாறு பங்குக்கு மேல் கொழுப்பு போனால், அது நாரின் மேல் படிந்து நுண்ணுயிர்களின் வேலையைக் கெடுத்துவிடும். 300 கிலோ மாடு நாளொன்றுக்கு உலர் எடையில் ஆறு, ஏழு கிலோ தின்னும். அதில் கொழுப்பு 350, 400 கிராமுக்கு மேல் கூடாது. ஒரு கிலோ பருத்திக்கொட்டையிலேயே 200 கிராம் அளவுக்கு எண்ணெய் இருக்கிறது. அதற்கு மேல் நல்லெண்ணெய், எள்ளுப் புண்ணாக்கு, முட்டை என்று சேர்த்தால் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். பருத்திப்பால் நம் பாட்டன் காலத்துத் தீனி, அதை விடச் சொல்லவில்லை. அதையே எண்ணெய்க் கணக்கில் வைத்துக்கொண்டு மற்றதைக் குறைக்கச் சொல்கிறேன்.

சரி, பனிநாய்க்காரர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? தீனியை விட்டால் மற்றதெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். இடிட்டராட்டில் ஒவ்வொரு வண்டியும் வழியில் ஓரிடத்தில் கட்டாயம் 24 மணி நேரம் நிற்க வேண்டும், இன்னும் இரண்டு இடங்களில் எட்டெட்டு மணி நேரம் ஓய்வு. நிலையங்களில் கால்நடை மருத்துவர்கள் காத்திருந்து நாய்களைப் பார்க்கிறார்கள். முடியாத நாயை அங்கேயே இறக்கிவிட வேண்டும், பதிலுக்கு வேறு நாய் பூட்ட முடியாது. வண்டி நின்றதும் ஓட்டுபவர் குனிந்து ஒவ்வொரு பாதத்தையும் விரல் இடுக்கு வரை பார்த்து மருந்து தடவுகிறார். நாய்க்குத் தீனி வைத்த பிறகுதான் தன் சாப்பாட்டுக்குப் போகிறார். பனி உருகும் அளவுக்கு வெயில் அடித்தால் பகலில் ஓய்வெடுத்து இரவில் ஓட்டுகிறார்கள். பனி நாட்டிலேயே வெப்பத்துக்கு இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றால், பங்குனி வெயிலில் ராமநாதபுரத்துத் தார்ச் சாலையில் ஓட்டும் நாம் எவ்வளவு பயப்பட வேண்டும்! வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி மாட்டை வேலை வாங்கக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. விடியற்காலைப் பந்தயம் பத்து மணிக்கு மேல் இழுத்துக்கொண்டு போனால், மீதிப் பிரிவுகளை மாலைக்குத் தள்ளிவைக்க விழாக் கமிட்டிகளிடம் இனி கண்டிப்பாகக் கேட்போம்.

மருத்துவர் சொன்னபடி பந்தயத்துக்கு முன்னும் பின்னும் உடம்புச் சூடு பார்க்கும் வழக்கத்தை இந்த ஆண்டு தொடங்கினோம். மாட்டுக்கு இயல்பு 38.5 டிகிரி அளவு. ஓடி வந்ததும் ஏறும், நிழலில் கட்டித் தண்ணீர் ஊற்றி அரை மணி, முக்கால் மணியில் இறங்க வேண்டும். இறங்காத மாட்டை அன்றைக்கு மறுபடி பூட்டக் கூடாது. ஆரம்பத்தில் முணுமுணுத்த பெரிய மாட்டுக்காரர்களே இப்போது சொந்தமாக வெப்பமானி வாங்கி வைத்திருக்கிறார்கள். மனசு நிறைந்துவிட்டது.

தீனி அட்டவணையை மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார், நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சாரம் இதுதான். வைக்கோல், சோளத்தட்டை, கிடைத்தால் பச்சைப்புல் ஆகியவை பாதிக்குக் குறையக் கூடாது. கொள்ளும் உளுந்தும் தவிடும் காலை மாலை பிரித்து வையுங்கள். தாது உப்புக் கலவை தினம் 30 முதல் 50 கிராம். எந்தப் புதுத் தீனியையும் பத்து, பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். பந்தய வாரத்தில் புதிதாக எதுவும் வேண்டாம், ஆசைக்குக்கூட வேண்டாம். முந்தின இரவு வழக்கமான தீனி, காலையில் வயிறு முட்ட எதுவும் கிடையாது. நிறைந்த பெருவயிறு நெஞ்சை நெருக்கி மூச்சை அடைக்கும்.

கருவை நெற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சீமையில் சீமைக்கருவேலம் இல்லாத இடம் இல்லை. கோடையில் நெற்று உதிர்ந்து கிடக்கும், இனிப்பானது, மாடு விரும்பித் தின்னும். தீனி இல்லாத மாதத்தில் அது வரம்தான். ஆனால் மாதக்கணக்கில் அதை மட்டுமே தின்றால் தாடையை அசைக்கும் நரம்பு பாதித்து மாடு மெல்ல முடியாமல் போகும். மொத்தத் தீனியில் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரைத்துக் கொடுத்தால் விதையின் புரதமும் சேரும், இல்லாவிட்டால் விதை முழுசாகச் சாணத்தில் போய்ப் பக்கத்துக் காட்டிலும் முளைக்கும்.

கடல் நீச்சல் நல்ல பழக்கம். பாக் நீரிணைப் பக்கம் அலை குறைவு, ஆழமும் குறைவு என்பதால் தொண்டி, திருப்பாலைக்குடி மாடுகளுக்கு வசதி. குளம்புக்கு அதிர்ச்சி இல்லாமல் மூச்சும் தசையும் தேறும். ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், முக்கியமாக நுகத்தடி உட்காரும் இடத்தை. உப்பு காய்ந்து தோல் உரிந்தால் அதன் மேல் நுகம் வைக்கும்போது மாடு தலையை உதறும். அதை அடம் என்று நினைத்து அடிக்கிறார்கள். அது வலி. கையை வைத்துத் தடவிப் பாருங்கள். சுடும், சற்று வீங்கியிருக்கும். ஆறும்வரை பூட்டாதீர்கள். லாடத்தையும் பந்தயத்துக்கு முந்தின நாள் புதிதாக அடிக்க வேண்டாம், நாலைந்து நாள் முன்னதாகவே அடித்து நடக்கவிட்டுப் பாருங்கள்.

கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகப் போடுகிறார்கள். பந்தயத்தில் பல ஊர் மாடு ஒன்றாக நிற்கும். தடுப்பூசி போடாத மாட்டை இனி நம் சங்கத்தின் பெயரில் களத்தில் இறக்குவதில்லை என்று செயற்குழு முடிவு செய்துவிட்டது. ஊக்க ஊசி, சாராயம், கண்ணிலும் மூக்கிலும் காரம், சாட்டையில் ஆணி, வால் கடிப்பது ஆகிய எதைச் செய்தாலும் உறுப்பினர் நீக்கம். இதில் உறவு, ஊர், தோஸ்து எதுவும் பார்க்க மாட்டோம்.

இனி வரும் ஆண்டுக்கு ஒரே பெரிய வேலை, தண்ணீர். வெயில் காலத்தில் ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு நாற்பது லிட்டருக்கு மேலேயே வேண்டும். கடற்கரை ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் கரிக்கிறது. லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் வரை உப்பு இருந்தால் மாடு தாங்கும், அதற்கு மேல் கழிச்சல் காணும், 7,000-ஐத் தாண்டினால் தரவே கூடாது. கரிக்கும் தண்ணீரை மாடு குறைவாகக் குடிக்கும், குறைவாகக் குடித்தால் தீனியும் குறையும். ஊரணி உள்ள ஊர்க்காரர்கள் பக்கத்து ஊர் மாட்டுக்கும் கொடுத்து உதவ வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன். தண்ணீரைச் சோதித்துத் தர மருத்துவர் ஐயா ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் மாடு குடிக்கும் தண்ணீரைக் கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, பெயரும் ஊரும் எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்