எங்கள் காப்பகத்தைச் சீரமைக்க வழி சொன்னவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய அக்கம்பக்கத்தாருக்கும், காப்பகத்தில் தங்கியிருக்கும் சகோதரிகளுக்கும், வேலை செய்து கொடுத்த தொழிலாளர்களுக்கும் வணக்கம்.

வடசென்னையில் பழைய மாநகராட்சிக் கட்டடம் ஒன்றில் இயங்கிவரும் எங்கள் வீடற்ற மகளிர் காப்பகத்தின் சீரமைப்புப் பணி ஏறக்குறைய முடிந்து, பெண்கள் அனைவரும் திரும்பி வந்துவிட்டார்கள். தொடக்கத்தில் எங்கள் கையிலிருந்த வரைபடத்துக்கும் இன்று நிற்கும் கட்டடத்துக்கும் இடையே நிறைய வேறுபாடு உண்டு. அவ்வளவும் நீங்கள் சொன்ன யோசனைகளால் வந்தது என்பதால், அதைப் பலரறியச் சொல்லி நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டு வலியுறுத்தியது. அதன் பின் வந்த, மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறைகள், தங்குபவர் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும் என்றன. எங்கள் முதல் வரைபடம் அந்த அளவுக்குப் பிசகாமல் வரையப்பட்டிருந்தது. அதைக் கூடத்தில் தரையில் விரித்துப் பெண்களிடம் காட்டியபோது, பல ஆண்டுகளை நடைபாதையில் கழித்த மூத்த தாயார் ஒருவர், "குளிக்கிற அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா?" என்றுதான் முதலில் கேட்டார். குளிக்கவும் கழிப்பறை போகவும் இருட்டும்வரை காத்திருந்து, அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வாழ்ந்தவர்களின் கேள்வி அது. அந்தக் கேள்விக்குப் பிறகு நாங்கள் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, மூன்று மாலைகள் அவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொண்டோம்.

ஆதார் அட்டையையும் குடும்ப அட்டையையும் மழையிலோ, நடைபாதையைக் காலி செய்யும் நாளிலோ பறிகொடுத்தவர்கள், அலுவலக அறையில் வைக்கத் திட்டமிட்டிருந்த பொது பீரோவை வேண்டாம் என்றார்கள். இன்று ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது. சாவி அவரவரிடம் இருக்கிறது. விடியுமுன் பூக்கடைக்குப் போய்ப் பூ வாங்கி வந்து கட்டி விற்கும் சகோதரிகள், மற்றவர்களின் தூக்கம் கெடாதபடி வாசலோரம் தங்களுக்கு இடமும் ஒரு சிறு விளக்கும் கேட்டார்கள். பழைய தாள் பொறுக்கும் அக்கா, சாக்கு மூட்டையை நனையாமல் வைக்கத் தாழ்வாரம் கேட்டார். இவை எந்த நெறிமுறையிலும் எழுதப்பட்டவை அல்ல. எழுதப்பட வேண்டியவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனநலம் தேறிவரும் பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, உதவிக்கு ஒருவர் உடனிருக்க, சாதாரண வீட்டில் மற்றவர்களைப் போலவே வாழ முடியும் என்பதை, மனநலப் பணி செய்யும் 'தி பேன்யன்' அமைப்பு தனது 'ஹோம் அகெய்ன்' திட்டத்தின் வழியே 2015 முதல் காட்டிவருகிறது. எங்கள் சகோதரிகளில் இருவர் அப்படியொரு வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு, தங்கள் குழம்பைத் தாங்களே வைத்துக்கொள்ள ஓர் அடுப்பு வேண்டுமென்று கேட்டதால், ஒரே கூடமாக விடவிருந்த மாடியைச் சிறு அறைகளாகத் தடுத்து, ஒரு சமையலறையும் கட்டினோம். முதல் நாள் அவர்கள் வைத்த ரசத்தை எங்கள் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள்.

தெருவாசிகளில் சிலர் முதலில் தயக்கத்தோடுதான் கூட்டத்துக்கு வந்தீர்கள். லாரித் தண்ணீர் இன்னும் குறைந்துவிடுமோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. அதை முகத்துக்கு நேரே சொன்னதற்காகவே நன்றி கூறுகிறேன், ஏனெனில் தரைக்கடியில் தனித்தொட்டி கட்டும் முடிவு அதனால்தான் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எங்கே நின்றது என்பதை நினைவிலிருந்து சுவரில் கோடு போட்டுக் காட்டிய ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஐயாவுக்கு எங்கள் வணக்கம். இப்போது மின் இணைப்புப் பெட்டிகள் யாவும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றன. வேலை நடந்த நாட்களில் தம் வீட்டு மாடியைத் தங்குவதற்குத் திறந்துவிட்ட குடும்பத்தாருக்கும், எங்கள் பெண்களுக்குக் காலைத் தேநீரைக் காசு வாங்காமல் கொடுத்த அண்ணனுக்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முகம் சுளிக்காமல் இடித்துக் கட்டிய கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வாசல் சாய்தளத்தின் திருப்பத்தில் சரிவு அதிகமாக அமைந்துவிட்டதால், ஊன்றுகோலோடு நடக்கும் சகோதரிக்கு இன்னமும் ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் அதை உடைத்து மறுபடி போடுகிறோம். அன்று கொத்தனாரின் பக்கத்தில் நின்று, தம் நடைக்கு ஏற்ற சரிவைத் தாமே சொல்வதற்கு அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நன்றியுடன்,
காப்பகப் பொறுப்பாளர்