குழி வீட்டோடு, தறி நம்மோடு

ஸ்டாக்டன், கலிபோர்னியா
ஏப்ரல் 2009

அன்பான கோமு,

நீ போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். திட்டு. ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை காலிங் கார்டு வாங்கினேன். நீ "ஹலோ" என்றதும் தொண்டை அடைத்துக்கொண்டு, "சும்மாதான் கூப்பிட்டேன் புள்ள" என்று வைத்துவிட்டேன். சும்மா இல்லை.

வீடு போய்விட்டது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நீதிமன்ற வாசலில் வைத்து ஏலம் விட்டார்கள். கேட்க ஆள் இல்லாமல் வங்கியே எடுத்துக்கொண்டது. இந்த ஊரில் இப்போது இது செய்தியே இல்லை, எங்கள் தெருவிலேயே ஐந்தாவது வீடு. கதை உனக்குத் தெரிந்ததுதான். முதலில் குறைந்த வட்டி, அப்புறம் ஏறுகிற வட்டி. அது ஏறின வருஷமே அவருக்கு வேலை போனது. 2005இல் நாங்கள் கொடுத்த விலையில் பாதிகூட இன்று வீடு பெறாது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. பிள்ளைகள் நலம். அவரும் நலம், கொஞ்சம் இளைத்திருக்கிறார். உன் வீட்டுக்காரர் முதுகுவலி எப்படி இருக்கிறது? சரி.

நான் எழுத வந்தது அந்த ஏலத்தைப் பற்றிக்கூட இல்லை. அதற்கு அப்புறம் நடந்த கூத்தைப் பற்றி.

ஏலம் முடிந்த இரண்டாம் நாள், மூன்று நாளில் காலி செய்யச் சொல்லிக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த நாள் வங்கி சார்பில் ஒரு ஏஜெண்ட் வந்தார். மூன்று வாரத்தில் நாங்களாகவே போய்விட்டால், கோர்ட்டு கேஸ் என்று இழுக்காமல் 1500 டாலர் கையில் தருவார்களாம். சாவிக்குக் காசு என்றே இதற்குப் பெயர். நிபந்தனை இரண்டு. வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும், வீட்டைச் சேர்ந்த எதையும் எடுத்துப்போகக் கூடாது.

"வீட்டைச் சேர்ந்தது என்றால் எது?" என்று கேட்டேன். "உங்களுக்கே தெரியும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரியவில்லை கோமு. சைக்கிளை விற்ற பிறகு மணியை மட்டும் கழற்றிக்கொண்டு ஓடினாயே, உனக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரி நீ வாய் நிறைய "முருகேசண்ணன்" என்பாயே, அந்த மனுஷன் கையில் டிரில் மெஷினோடு சமையலறையில் நிற்கிறார். பாத்திரம் கழுவும் மெஷினைக் கழற்றப் போகிறாராம். "மூணு வருஷம் தவணை கட்டினது நாம, அது நம்மது" என்கிறார். அடுத்து ஹாலில் நாங்களே போட்ட ஃபேன், அதற்கடுத்து வெளியே இருக்கும் ஏசி. எதிர்வீட்டுக்காரர் போகும்போது ஏசி, அலமாரி, செம்புக் குழாய்வரை உருவிக்கொண்டு போனது அவர் மனசில் இருந்தது. செம்புக் குழாயை உருவியதில் சுவரெல்லாம் பொத்தல். அந்த வீடு இன்னும் பல் விழுந்த வாய் மாதிரி நிற்கிறது.

நான் அவரோடு சண்டை போட்டேன் என்று நினைக்காதே. பூஜை மண்டபத்தைக் கழற்றுங்கள் என்று நான்தான் முதலில் சொன்னேன். புது வீட்டுக்கு வந்தபோது தேக்கில் செய்து சுவர் மாடத்தில் பொருத்தியது. அவர் தயங்கினார், நானே ஸ்டூல் போட்டு ஏறினேன். மொத்தம் பதினாறு ஸ்குரூ. பன்னிரண்டைக் கழற்றியபோது பெரியவன் எழுந்து வந்து, "அம்மா, நாம திருடுறமா?" என்று கேட்டான். பதினொரு வயசு. ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனோம். அங்கே ஒரு வயதான வக்கீலம்மா, எழுபதுக்கு மேல் இருக்கும். எங்கள் கடன் பத்திரத்தைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். வீட்டின்மேல் எழுப்பியவை, நிலைத்துப் பொருத்தியவை, "இப்போது இருப்பவையும் இனி வரப்போகிறவையும்" எல்லாம் அடமானத்தில் சேரும் என்று இருந்தது. இனி வரப்போகிறவையும்! கையெழுத்துப் போட்ட அன்று படித்திருப்பேனா? நாம் ஆசையாசையாய் வாங்கி மாட்டிய ஃபேன், மாட்டிய நிமிஷமே அடமானத்துக்குள் போய்விட்டது. அதே பத்திரத்தில், வீட்டைச் சேதப்படுத்த மாட்டேன், பாழாக விடமாட்டேன் என்றும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

எது ஒட்டியது, எது ஒட்டாதது என்பதற்கு இந்த மாநிலத்துச் சிவில் சட்டத்தில் 660 என்று ஒரு பிரிவு இருக்கிறது. மரம், கொடி, செடி வேரால் ஒட்டியவை. சுவர் மண்ணில் பதிந்தது. மற்றவை சிமெண்ட், காரை, ஆணி, போல்ட், ஸ்குரூ இவற்றால் நிலையாகப் பொருத்தியவை. ஸ்குரூ என்ற வார்த்தை வந்ததும் அவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆனால் ஸ்குரூவை எண்ணிப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லையாம். எதற்காகப் பொருத்தினோம் என்பதையும் பார்ப்பார்களாம். இங்கேதான் அந்தம்மா ஒரு பழைய கதை சொன்னார். 1872இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஆலையை அடமானம் வைத்திருக்கிறார்கள், உள்ளே தறிகளைத் தரையில் ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆலை கைமாறும்போது தறி யாருக்கு? தறி என்றதும் நான் நிமிர்ந்துவிட்டேன். சென்னிமலையில் பிறந்தவளிடம் வந்து தறியைப் பற்றிப் பேசுகிறார் பார்! ஆலையோடுதான் போகும் என்று தீர்ப்பு. நீதிபதி சொன்ன உதாரணம்தான் அழகு. கப்பலின் நங்கூரம் எவ்வளவு ஆழமாக மண்ணில் பதிந்தாலும் அது கப்பலுடையது, நிலத்துடையது ஆகாது. அதே நங்கூரத்தை ஒரு தொங்குபாலத்தின் சங்கிலியைத் தாங்கப் புதைத்தால் அது நிலத்தோடு சேர்ந்துவிடும். கல் குவியலும் அப்படித்தான். வியாபாரி அடுக்கி வைத்தால் சரக்கு, அதே கல்லைச் சாந்தில்லாமல் சுவராக அடுக்கினால் நிலம்.

எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. மேற்குத் தெரு வீட்டை விற்றபோது தறியைக் கட்டை கட்டையாகப் பிரித்து வண்டியில் ஏற்றினார். நெய்கிறவர் காலை விட்டு உட்காரும் தறிக்குழியை மூடித் தரட்டுமா என்று வாங்கினவரிடம் கேட்டார். "குழி வீட்டோட, தறி நம்மோட" என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பாவம், இங்கிலாந்து ஆலைக்காரருக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. நம் தறி எங்கே போனாலும் தறி, அவருடைய தறி ஆலையோடு ஆலையானது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டேன், அந்தம்மா சலிக்காமல் சொன்னார். ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின் எங்களுடையவை, பிளக்கைப் பிடுங்கினால் வந்துவிடும். கிரைண்டரைக் கேட்கவே வேண்டாம். பலகைக்குள் பொருத்திய பாத்திரம் கழுவும் மெஷின், ஃபேன், ஏசி வீட்டுடையவை. திரைச்சீலை எங்களுடையது, அதன் கம்பி வீட்டுடையது. கேஸ் அடுப்பு இரண்டுங்கெட்டான். வீடு வாங்கும்போதே இருந்தது, விட்டுவிடுங்கள் என்றார். ஊஞ்சல் பலகையும் சங்கிலியும் எங்களுடையவை, விட்டத்துக் கொக்கி வீட்டுடையது.

எடுத்தால் என்ன ஆகும் என்று உங்கள் அண்ணன் கேட்டார். நான் கேட்டிருக்க மாட்டேன், பயந்திருப்பேன். குற்றவியல் சட்டத்தில் 502.5 என்று ஒரு பிரிவாம். அடமானம் வைத்த வீட்டிலிருந்து, ஏலத்துக்கு முன்னாலோ பின்னாலோ, கடன் கொடுத்தவரை ஏமாற்றவோ நஷ்டப்படுத்தவோ நினைத்து, பொருத்தியதைப் பெயர்த்து எடுத்தால் அது திருட்டு. எதையெல்லாம் என்று ஒரு பட்டியல் வேறு: வீடு, களஞ்சியம், காற்றாலை, தண்ணீர்த் தொட்டி, பம்பு, எஞ்சின். யாரோ ராவோடு ராவாகக் காற்றாலையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார் போல! அவ்வளவு நாளுக்கு அப்புறம் அந்த அறையில்தான் நாங்கள் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் அந்தம்மா இன்னொன்று சொன்னார். எங்களைப் போல நீதிமன்றத்தில் வழக்குப் போடாமல் ஏலம் விட்ட வீட்டுக்கு, கடனில் மிச்சம் நின்ற தொகைக்காக எங்கள் பின்னால் வர முடியாதாம். இந்த மாநிலத்தில் எங்களுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு அது. ஆனால் வேண்டுமென்றே வீட்டைக் கெடுத்தால் அந்த நஷ்டத்துக்கு வழக்குப் போட இடம் உண்டு. 1975இல் இந்த மாநிலத்து உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. சந்தை விழுந்து, கையில் காசில்லாமல் கூரையைப் பழுது பார்க்காமல் விட்டது வேறு. ஆத்திரத்தில் உடைத்தது வேறு. அவர் டிரில் மெஷினைப் பற்றி யோசித்திருக்க வேண்டும், வழியெல்லாம் பேசவில்லை.

கிளம்பும்போது மண்டபத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். "எழுதிக் கேளுங்கள்" என்றார். "எழுத்தில் சம்மதம் வந்தால் அது திருட்டே இல்லை." இவ்வளவுதானா என்று இருந்தது. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை பார். எடுப்பதா விடுவதா என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தோம்.

ஏஜெண்டுக்கு ஈமெயில் எழுதினேன், போட்டோவோடு. நான்கு நாள் கழித்து ஒரே வரியில் பதில்: எடுத்துக்கொள்ளலாம், ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். ஹாலில் தொங்கும் சர விளக்கையும் கேட்டுப் பார்த்தார் உங்கள் அண்ணன், ஆசை யாரை விட்டது. அது முடியாது என்றார்கள். மீதி நான்கு ஸ்குரூவையும் கழற்றி, பதினாறு ஓட்டையையும் நானே பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்தேன். பெரியவன் டார்ச் பிடித்தான்.

கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று. கருவேப்பிலை. பின்பக்கம் மண்ணில் வைத்தது, என் இடுப்பு உயரம். நான்கு பனிக்காலம், நீ கொடுத்தனுப்பிய சென்னிமலைப் போர்வையைப் போர்த்திப் போர்த்திப் பிழைக்க வைத்தேன். வேரால் ஒட்டியது, சட்டத்தில் முதல் வரியே அதுதான். கேட்டால் கொடுத்திருப்பார்கள், ஆனால் தோண்டினால் பிழைக்காது என்று எனக்கே தெரியும். போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டேன். வரப்போகிறவருக்கு அது என்ன செடி என்றே தெரியாது, களை என்று பிடுங்கிப் போடுவார். ஒரு சீட்டில் "சமையலுக்கு ஆகும், பனியில் மூடவும்" என்று எழுதி அடுப்பின்மேல் வைத்துவிட்டு வந்தேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது இரண்டு அறை அபார்ட்மெண்ட். மண்டபம் பாதி ஹாலை அடைத்துக்கொண்டு தரையில் நிற்கிறது. ஊஞ்சல் பலகை சுவரில் சாத்தியிருக்கிறது. விட்டத்தில் ஓட்டை போடக் கூடாது என்று வாடகைப் பத்திரத்தில் போட்டிருக்கிறார்கள். இந்தப் பத்திரத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. பள்ளிக்கூடம் பக்கமாக வீடு மாறியிருக்கிறோம் என்று மட்டும் சொல், அது பொய்யும் இல்லை. விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. இந்த முறை நீ எழுதினால் எட்டு மாதம் ஆக்க மாட்டேன்.

உன்,
சாரதா

சைக்கிள் மணி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறதா?